உக்ரேன் ஆட்களின் 'பரகிராஃப் 24' விசா: பழைய அசூல்காரன் ஒருவனின் ரிவியூ

நேராகவே சொல்லிவிடுகிறேன், அகதிகளுக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் இதுவரை கொடுத்த சேவைகளில் ஆகத் திறமானது உக்ரேன் ஆட்களுக்குக் கிடைத்த இந்தத் தற்காலிகப் பாதுகாப்புத்தான். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் போடுகிறேன், குறைத்த ஒன்றரைக்குக் காரணம் பிறகு வரும். ஜேர்மனியில் இதைப் 'பரகிராஃப் 24' என்பார்கள், வதிவிடச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் வருவதால். போலந்தில் 'பெசல் உக்ர்', சுவிஸில் எஸ் விசா. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, ஆனாலும் சாமான் ஏறக்குறைய அதேதான், 2022 மார்ச் 12இல் அவர்களும் திறந்துவிட்டார்கள்.

நான் இதைப் பாவித்தவன் இல்லை. எண்பதுகளின் கடைசியில் ஜேர்மனிக்கு வந்து அசூல் அடித்த, அதாவது புகலிடம் கேட்ட ஆள், பக்கத்துக் கவுண்டரின் பழைய வாடிக்கையாளன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 வசந்தத்தில் எங்கள் கட்டடத்தின் மேல்வீட்டுக்குக் கார்கிவில் இருந்து ஒரு தாய், பள்ளிக்கூடம் போகிற மகன், அம்மம்மா என்று ஒரு குடும்பம் வந்தது. அவர்களுக்கு டொச், அதாவது ஜேர்மன் மொழி தெரியாது, எனக்கு ரஷ்யனும் தெரியாது உக்ரேனியனும் தெரியாது, ஆனால் எந்தக் கந்தோரில் எந்தத் தாளைக் கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். போனில் மொழிபெயர்ப்பைப் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு அலைந்தோம். அந்த அலைச்சலில் பார்த்ததும் அதற்குப் பிறகு தேடி வாசித்ததும்தான் இந்த ரிவியூ.

முதலில் வேகம். 2022 பெப்ரவரி 24 ரஷ்யா உள்ளே இறங்குகிறது, மார்ச் 2 ஐரோப்பிய ஆணையம் பிரேரணை வைக்கிறது, மார்ச் 4 அமைச்சர்கள் கவுன்சிலின் முடிவு நடைமுறைக்கு வருகிறது. எந்த நாடு எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று பேசுவதற்கே டிசம்பரில் விடிய விடியக் குந்தியிருக்கிற ஆட்கள் இதை எட்டு நாளில் முடித்தார்கள், அதுவும் எல்லா நாடும் சேர்ந்து, ஹங்கேரி உட்பட. மார்ச் நடுப்பகுதிக்குள் 30 லட்சம் பேர் உக்ரேனை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். அந்த முடிவு இரண்டு மாதம் பிந்தியிருந்தால் போலந்து எல்லையில் இருக்கிற பிஷெமிஷ்ல் ஸ்டேஷனும் பெர்லின் பெரிய ஸ்டேஷனும் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கையில் என்ன கிடைக்கிறது? வதிவிட அட்டை, வேலை செய்யும் உரிமை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வைத்தியம், சமூக உதவி, வங்கிக் கணக்கு. மேல்வீட்டுக்காரருக்கு நடந்தது இவ்வளவுதான்: நகரசபையில் விலாசப் பதிவு, பிறகு வெளிநாட்டவர் கந்தோரில் படமும் கைரேகையும், அட்டை வரும்வரைக்கும் கையோடு ஒரு இடைக்காலத் தாள். அந்தத் தாளிலேயே வேலை செய்ய அனுமதி உண்டு என்று அச்சடித்திருந்தது, அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் வந்த காலத்தில் அசூல்காரருக்கு ஐந்து வருட வேலைத் தடை, 1987இல் வந்த சட்டம், 1991இல்தான் எடுத்தார்கள். காசைக் கையில் தரமாட்டார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் இல்லையென்றால் கூப்பன், ஹைம் என்கிற அகதி விடுதியில் ஒரு அறைக்குள் நாலு பேர், மாவட்ட எல்லையைத் தாண்டி ஒரு கலியாண வீட்டுக்குப் போவதென்றாலும் அனுமதித் தாள் வேண்டும். நல்ல வயதில் சும்மா இருத்தி வைத்துவிட்டு, இவர்கள் வேலை செய்யாத கூட்டம் என்று பேப்பரிலும் எழுதினார்கள். 2022 ஜூன் 1 முதல் ஜேர்மனி உக்ரேன் ஆட்களை அசூல்காரருக்கான குறைந்த உதவித் திட்டத்தில் இருந்து எடுத்து நேரே யொப்சென்டர் என்கிற வேலைவாய்ப்புக் கந்தோருக்கு மாற்றியது, அதாவது வேலையில்லாத ஜேர்மன்காரருக்கு என்ன தொகையோ அதே தொகை. எங்கள் ஆட்கள் சிலருக்கு இதில் வயிற்றெரிச்சல், கோயில் மண்டபத்தில் நின்று கதைத்ததைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் கொஞ்சம் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அதற்கு மேல்வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆனால் காசைவிடப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது, இன்டர்வியூ இல்லை. அசூல் அடித்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். எந்தத் திகதி ஓடினாய், ஆமி வந்தது காலையிலா மத்தியானமா, வந்தவர்கள் எத்தனை பேர், போன முறை மூன்று என்றாய் இப்போது நாலு என்கிறாய், ஏன் கொழும்பில் இருந்திருக்கக் கூடாது? மொழிபெயர்ப்பாளர் விட்ட பிழையும் உன் தலையில்தான். ரிஜெக்ட் வந்தால் வக்கீல், வக்கீலுக்குக் காசு, வருடங்கள் கழித்து நீதிமன்றத்தில் அதே கதையைத் திரும்பவும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும். இங்கே 2022 பெப்ரவரி 24க்கு முன் உக்ரேனில் வசித்த உக்ரேன் பிரசை என்று காட்டினால் கதை முடிந்தது. கார்கிவில் என்ன கண்டாய் என்று அந்த அம்மாவிடம் ஒரு அதிகாரியும் கேட்கவில்லை. தானாக ஒருநாள் படிக்கட்டில் நின்று எனக்குச் சொன்னார், போனில் மொழிபெயர்க்காமலே பாதி விளங்கியது.

அடுத்தது, நாட்டைத் தாங்களே தெரிவு செய்யலாம். டப்ளின் ஒப்பந்தம் 1990இல் கையெழுத்தானது, 1997இல் நடைமுறைக்கு வந்தது, அன்று தொடக்கம் முதலில் எந்த நாட்டில் கால் வைத்தாயோ அங்கேதான் கேஸ் என்பது பொதுவான சட்டம். 2003இல் யூரோடாக் என்ற கைரேகைக் கணினியும் வந்துவிட்டது. அண்ணன் பாரிஸில் கடை வைத்திருந்தாலும் தம்பியின் கைரேகை இத்தாலியில் விழுந்திருந்தால் இத்தாலிக்குத் திரும்பிப் போ, அங்கே ஸ்டேஷனில் படு. உக்ரேன் ஆட்களுக்கு இந்த வில்லங்கம் இல்லை. இந்தத் திட்டத்தின் சட்டத்திலும் 11ஆம் உறுப்புரை என்று ஒன்று இருக்கிறது, ஒரு நாட்டில் அட்டை எடுத்தவர் அனுமதியில்லாமல் வேறு நாட்டுக்குப் போனால் முதல் நாடு திருப்பி எடுக்க வேண்டும் என்று, அதை நடைமுறைப்படுத்துவதில்லை என்று நாடுகள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தன. அதோடு 2017 ஜூனில் இருந்தே உக்ரேன் கடவுச்சீட்டுக்கு 90 நாள் விசா தேவையில்லை. ஆகவே ஆட்களைக் களவாக எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரனுக்கு ஒரு சதமும் கட்ட வேண்டி வரவில்லை, ரயில் ஏறி வந்தார்கள், ஜேர்மன் ரயில்வே கடவுச்சீட்டைப் பார்த்து இலவசமாக ஏற்றியது.

அப்படித் தெரிவு செய்ய விட்டதால் பங்கீடு சமமாக வரவில்லைதான். மொத்தம் 43 லட்சம் அளவில் ஆட்கள், அதில் ஜேர்மனியில் சுமார் 12 லட்சம், போலந்தில் 10 லட்சம் அளவில், செக்கில் 4 லட்சத்துக்குக் கிட்ட. செக்கின் சனத்தொகையோடு வைத்துப் பார்த்தால் ஆகக் கூடுதலாகச் சுமந்தது அவர்கள்தான். பிரான்ஸுக்குப் போனவர்கள் சொற்பம். ஆனாலும் அண்ணன் இருக்கிற ஊருக்குத் தம்பி போனான், தெரிந்தவர் வேலை எடுத்துத் தருகிற இடத்துக்கு மற்றவர் போனார், அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையில் பாதியைச் சொந்தக்காரரே செய்து முடித்தார்கள். 2015இல் சிரியா ஆட்கள் வந்தபோது 1,60,000 பேரை இத்தாலியிலும் கிரேக்கத்திலும் இருந்து எடுத்துப் பங்கிடப் போகிறோம் என்று முடிவெடுத்து, இழுபறிப்பட்டு, கடைசியில் பங்கிட்டது 35,000ஐயும் தொடவில்லை.

2015 என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தச் சேவை 2022இல் கண்டுபிடித்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சட்டம் 2001 ஜூலை 20ஆம் திகதியது. பொஸ்னியாச் சண்டையில் ஜேர்மனிக்கு மட்டும் சுமார் 3,50,000 பேர் வந்தார்கள், பெரும்பாலானவர்களுக்கு டுல்டுங்தான், அதாவது இன்றைக்கு அனுப்பவில்லை, நாளைக்குத் தெரியாது என்கிற தாள். பிறகு 1999இல் கொசோவோ. அதைப் பார்த்துப் பயந்துதான் இந்தச் சட்டத்தை எழுதினார்கள். எழுதிவிட்டு 20 வருடத்துக்கு மேல் ஒரு தரமும் எடுக்கவில்லை. 2011இல் லிபியா, துனிசியாக் குழப்பத்தில் இத்தாலியும் மால்ட்டாவும் கேட்டன, கிடைக்கவில்லை. 2015இல் ஒன்றிய நாடுகளில் 12 லட்சத்துக்கு மேல் புதிய அசூல் விண்ணப்பங்கள், அப்போதும் எடுக்கவில்லை. 2020இல் ஆணையமே இது பாவனையில் இல்லாத பழைய சட்டம், தூக்கிவிட்டு வேறொன்று கொண்டுவருவோம் என்று பிரேரித்தது. நல்ல வேளை, அது நிறைவேறுவதற்குள் இதற்குத் தேவை வந்துவிட்டது. சிரியாக்காரர் எந்த விதத்தில் குறைந்தவர்கள் என்று கேட்டால் வாய்திறந்து யாரும் பதில் சொல்லப் போவதில்லை. பக்கத்து நாடு, விசா இல்லாத கடவுச்சீட்டு, எதிரி ரஷ்யா என்று மூன்று காரணம் சொல்லலாம், நாலாவது காரணம் தோல் என்று நான் சொல்வேன்.

கிளைக்குக் கிளை, அதாவது நாட்டுக்கு நாடு, சேவைத் தரம் வேறு. போலந்தில் 'தியா பெல்' என்று போனுக்குள்ளேயே வதிவிட அட்டை கொடுத்தார்கள், காகிதத்தில் ஊறிய ஜேர்மனியில் இருந்து பார்த்தால் பொறாமையாக இருந்தது. வேலைக்கும் அங்கே கெதியாகப் போனார்கள், மொழி கிட்டத்தட்ட விளங்கும், உதவித் தொகையில் இருந்து பிழைக்க முடியாது என்பதும் காரணம். ஜேர்மனி முதலில் மொழி வகுப்பு, அப்புறம் வேலை என்று நிதானமாகப் போய், 2023 கடைசியில் விழித்துக்கொண்டு எல்லோரையும் வேலைக்குத் தள்ளத் தொடங்கியது. இப்போது கிளைகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சலுகையைக் குறைக்கின்றன. போலந்தில் 2025 ஓகஸ்டில் ஜனாதிபதி நவ்ரொட்ஸ்கி நீட்டிப்புச் சட்டத்தை வீட்டோ செய்தார், பிள்ளைக்காசு வேலை செய்பவர்களுக்கு மட்டுந்தான் என்று மாற்றிக்கொண்டு வந்த பிறகு செப்டம்பரில் கையெழுத்துப் போட்டார். ஜேர்மனியில் 2025இல் வந்த கூட்டணி அரசு, 2025 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்தவர்களை அந்தப் பழைய குறைந்த திட்டத்துக்கே அனுப்புவதென்று உடன்பாட்டில் எழுதியது. சுவிஸ் 2025 நவம்பரில் இருந்து லிவிவ் உட்பட மேற்கு உக்ரேனின் ஏழு மாகாணங்களைப் பாதுகாப்பானவை என்று பிரித்துவிட்டது, அங்கிருந்து புதிதாக வருபவர்களுக்குப் பொதுவாக எஸ் விசா இல்லை. யாழ்ப்பாணம் பாதுகாப்பில்லை, கொழும்பு பாதுகாப்பு என்று நாங்கள் கேட்டுக் கேட்டுக் களைத்த பாட்டு இது.

ஒரே குண்டுக்குத் தப்பி ஓடியவர்களில் உக்ரேன் பிரசை இல்லாதவர்களுக்கு ஆரம்பத்தில் இருந்தே இந்தச் சேவையில் பாதி வாசல்தான் திறந்திருந்தது. நைஜீரியா, மொரோக்கோ, இந்தியா என்று அங்கே படிக்கப் போன மாணவர்கள், தமிழ்நாட்டில் இருந்து மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இந்தியப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களை இந்திய அரசாங்கம் 'ஆபரேஷன் கங்கா' என்று விமானம் விட்டுக் கூட்டிப்போனது. மற்றவர்களை எடுப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம். நெதர்லாந்து முதலில் தாராளமாக எடுத்துவிட்டுப் பிறகு உங்களுக்கு மட்டும் நிறுத்துகிறோம் என்றது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், விருப்பத்தில் கொடுத்ததை அப்படி நிறுத்தலாம், ஆனால் பாதுகாப்பு முடியும் திகதிக்கு முன் வெளியேறு என்று ஆணை போடக் கூடாது என்று 2024 டிசம்பர் 19இல் தீர்ப்பு வந்தது.

தங்குமிடம் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, வீடு கிடைத்தவன் தப்பினான். பெர்லினில் மூடிய டேகல் விமான நிலையத்தில் கூடாரம் அடித்து ஓரிரு நாளைக்கென்று திறந்த இடத்தில் ஆட்கள் மாதக்கணக்கில், சிலர் வருடத்துக்கு மேலும் இருந்தார்கள், 2024 மார்ச்சில் ஒரு பெரிய கூடாரம் எரிந்தே போனது. ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் துணி, அதற்கு நல்ல ஹோட்டல் அறை வாடகைக்கு மேல் செலவு.

சரி, குறைத்த ஒன்றரை நட்சத்திரத்துக்கு வருகிறேன். முதல் குறை, அட்டையில் இருக்கிற திகதி. சட்டப்படி இந்தப் பாதுகாப்பு ஒரு வருடம், நீட்டினால் மொத்தம் மூன்று வருடம் என்றுதான் எல்லோரும் விளங்கி வைத்திருந்தார்கள். 2024 மார்ச் 4 என்றார்கள், பிறகு 2025 மார்ச் 4, பிறகு 2026, இப்போது 2027 மார்ச் 4. ஒவ்வொரு தரமும் ஒரு வருடம். ஜேர்மனி பத்து லட்சம் பேருக்குப் புது அட்டை அடிக்க முடியாது என்று, அந்தந்த வருடம் பெப்ரவரி 1இல் செல்லுபடியாக இருந்த அட்டைகள் தானாக நீண்டுவிட்டதாக ஆணை போட்டது. நல்ல யோசனைதான், கந்தோரில் ரெர்மினுக்காக, அதாவது சந்திப்பு நேரத்துக்காக, நின்று சாகத் தேவையில்லை. ஆனால் அட்டையில் அச்சடித்திருப்பது பழைய திகதி. மேல்வீட்டு அம்மா ஒரு வங்கிக்குப் போனால் அட்டை காலாவதி என்கிறார்கள், ஒரு முதலாளி இது முடிந்துபோன விசா என்று திருப்பி அனுப்பினார். உள்துறை அமைச்சின் ஆணையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போய் வாசித்துக் காட்ட வேண்டி வந்தது. ஒரு வருட விசாவில் இருக்கிற ஆளுக்கு யார் இரண்டு வருட வேலை ஒப்பந்தம் தருவான், யார் கடன் தருவான்?

மேல்வீட்டு அம்மா கார்கிவில் பல் வைத்தியராக இருந்தவர். இங்கே அந்தத் தொழிலைச் செய்ய மாநில அரசின் அனுமதி வேண்டும், பத்திரமெல்லாம் மொழிபெயர்த்து, பி2 என்கிற தரத்தில் டொச் எடுத்து, அதற்கு மேல் வைத்திய மொழிக்கென்று இன்னும் உயர்ந்த சி1 தரத்தில் ஒரு சோதனை, தேவைப்பட்டால் அறிவுச் சோதனையும். அது முடிய வருடங்கள் போகும், விசாவோ வருடத்துக்கு வருடம். இப்போதைக்கு வேறொரு பல் வைத்தியரிடம் உதவியாளராக நிற்கிறார், வாயைத் திறந்து காட்டுகிற ஆளுக்கு என்ன வைத்தியம் என்று அவருக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகத் தெரிவது. இன்டர்வியூ இல்லை என்று மேலே புகழ்ந்தேன் இல்லையா, அந்த வசதிக்குள்ளேயே ஓட்டையும் இருக்கிறது. யாரும் கதையைக் கேட்கவில்லை, அதனால் இவர் அகதி என்று எந்தத் தாளிலும் யாரும் தீர்ப்பு எழுதவில்லை. எங்களைக் கசக்கிப் பிழிந்துதான் கேட்டார்கள், ஆனால் கேஸ் வென்றவனுக்கு அது அவன் பெயரில் வந்தது, லேசில் பிடுங்க முடியாது. இவர்களுடையது 43 லட்சம் பேருக்கும் சேர்த்து ஒரே திறப்பு, பிரஸ்ஸல்ஸில் ஒரு கூட்டத்தில் பூட்டினால் எல்லோருக்கும் ஒரே நாளில் பூட்டு. அன்றைக்கு வேண்டுமானால் அசூல் அடிக்கலாம், சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அது பூச்சியத்தில் இருந்து தொடங்குவது. இந்த அட்டையை வைத்துக்கொண்டு ஜேர்மன் குடியுரிமைக்குப் போட முடியாது. ஐந்து வருடம் இருந்தால் கிடைக்கிற ஐரோப்பிய நீண்டகால வதிவிட விசாவுக்கும் இந்த அட்டை செல்லாது. 2025 செப்டம்பரில் கவுன்சில் ஒரு பரிந்துரை வெளியிட்டது, வேலை, படிப்பு, குடும்ப விசாக்களுக்கு இவர்களை மெல்ல மாற்றுங்கள், போக விரும்புகிறவர்களுக்கு உதவுங்கள் என்று. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. செக் மட்டும் முந்திக்கொண்டு, உழைத்துத் தன் காலில் நிற்கிற குடும்பங்களுக்கு ஐந்து வருடத் தனி விசா என்று ஒன்றைத் தொடங்கியது. அம்மம்மா மாதிரி உழைக்க முடியாதவர்களுக்கு அது தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

இனிப் பக்கத்துக் கவுண்டர், அதாவது மற்றவர்கள் போகிற வழக்கமான அசூல் வழி. 2024 மே மாதம் நிறைவேறிய புதிய புலம்பெயர்வு, புகலிட உடன்படிக்கை, பத்துச் சட்டங்கள், 2026 ஜூன் 12 அதன் நடைமுறைத் திகதி. எல்லையில் ஏழு நாளுக்குள் சலித்தெடுப்பு, புகலிடம் கிடைக்கிற விகிதம் 20 சதவீதத்துக்குக் குறைவான நாட்டுக்காரர் என்றால் எல்லையிலேயே 12 வாரத்துக்குள் கேஸ் முடிப்பு, அதுவரை சட்டத்தின் கண்ணில் அவர் ஐரோப்பாவுக்குள் வந்ததாகவே கணக்கில்லை. ஆட்களை எடுக்க மாட்டேன் என்கிற நாடு தலைக்கு 20,000 யூரோ கட்டலாம். வருடத்துக்கு 30,000 பேரைப் பங்கிடுவதை இலக்காக வைத்து அதற்கே நாலு வருடம் சண்டை பிடித்தார்கள், 43 லட்சம் பேர் தாங்களே பங்கிட்டுக்கொண்டு போய் இருந்த அதே காலத்தில். 2025 ஏப்ரலில் ஆணையம் பிரேரித்த பாதுகாப்பான நாடுகள் பட்டியலில் இந்தியாவும் பங்களாதேஷும் இருந்தன. போலந்தைப் பாருங்கள், உக்ரேன் பக்கத்தில் பத்து லட்சம் பேரை எடுத்த அதே நாடு பெலாரஸ் பக்கத்தில் ஐந்தரை மீட்டர் உயரத்துக்கு இரும்பு வேலி போட்டு, 2025 மார்ச்சில் அங்கே அசூல் விண்ணப்பம் எடுப்பதையே நிறுத்தி வைத்தது.

ஆகவே மூன்றரை. வேகத்துக்கும் வேலை அனுமதிக்கும் இன்டர்வியூ இல்லாததற்கும் முழு மார்க், ஒரு வருடத் தவணைக்கு அரை வெட்டு, அடுத்தது என்ன என்று சொல்லாததற்கு ஒன்று வெட்டு. பக்கத்துக் கவுண்டருக்கு நட்சத்திரம் கேட்டால் ஒன்றுக்கு மேல் போட மாட்டேன்.

உங்கள் கட்டடத்திலும் இப்படி ஆட்கள் இருந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நீட்டிப்பு ஆணையின் பிரதி ஒன்று எப்போதும் அட்டையோடு இருக்கட்டும், விமான நிலையத்தில் செக்கின் பண்ணுகிற பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. மற்றது, ஒழுங்கான சம்பளத்தில் வேலை செய்கிறவர்கள் 2027 மார்ச் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் இப்போதே தொழில் விசாவுக்கு மாற முடியுமா என்று கேட்டு ரெர்மின் எடுக்க வேண்டும். பெரிய நகரங்களில் ரெர்மின் கிடைக்கவே மாதக்கணக்காகிறது, கடைசி மாதத்தில் எல்லோரும் ஒன்றாகப் போய் நின்றால் வாசல் காவல்காரரைத் தாண்ட முடியாது.